வேலியோர மூலிகையும் பாதியில் நின்ற ஆய்வும்

மேற்குத் தொடர்ச்சி மலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு அறுபட்டு விலகி நிற்கும் பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கு வாயிலில், கோவைப் பக்கத்து வறண்ட காற்றும் மலையாளக் கரையின் மழையும் மாறி மாறி வந்துபோகும் சமவெளியில் அமைந்திருக்கிறது எலப்புள்ளி. பனையும் நெல்வயலும் அடுத்தடுத்து நிற்கும் இந்த எல்லைப் பகுதியில் தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுத் திண்ணையில் புழங்குவதைப் போலவே, ஒரே செடிக்கு இரண்டு பெயர்களும் புழங்குகின்றன. தமிழர் ஆடாதொடை என்பதை மலையாளிகள் ஆடலோடகம் என்கிறார்கள். தமிழர் கீழாநெல்லி என்பது மலையாளத்தில் கீழார்நெல்லி ஆகிறது. ஆடு மாடு வாய் வைக்காத கசப்பு இலை என்பதால் முன்னது வேலியோரம் நிற்கிறது. பின்னது யாரும் நடாமலேயே வயல் வரப்பில் முளைக்கிறது. மூலிகையிலிருந்து நவீன மருந்து எப்படி உருவாகிறது, அல்லது உருவாகாமலேயே நின்றுபோகிறது என்பதை விளங்கிக்கொள்ள இந்த இரண்டு செடிகளே போதுமானவை.

ஆடாதொடை இலையை அனலில் வாட்டிப் பிழிந்து, சாற்றில் தேன் கலந்து, நெஞ்சுச் சளி கட்டிய குழந்தைக்குக் கொடுக்கும் வழக்கம் மிகப் பழையது. அந்த இலையின் முதன்மையான வேதிப்பொருளை முதலில் பிரித்தெடுத்தவர், பாலக்காட்டிலிருந்து வடக்கே தெரியும் நீலகிரி மலையில், உதகமண்டலத்தில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் என்ற ஆங்கிலேய வேதியியலாளர். மலேரியாக் காய்ச்சலுக்கு ஒரே மருந்தாக இருந்த குயினைனைத் தரும் சின்கோனா மரங்களை நீலகிரியில் பயிரிட்டிருந்த அரசு, மரப்பட்டையின் தரத்தை அளப்பதற்கென்றே அவரை அமர்த்தியிருந்தது. அந்த ஆய்வுக்கூடத்தில்தான் 1888-இல் ஆடாதொடை இலையிலிருந்து வாசிசின் என்ற ஆல்கலாய்டு பிரிக்கப்பட்டது. ஆல்கலாய்டு என்பது நைட்ரஜன் அணுவைக் கொண்ட, பெரும்பாலும் கசப்பான, மிகச் சிறிய அளவிலேயே உடலில் வலுவாகச் செயல்படும் தாவரப் பொருள். பூச்சியும் கால்நடையும் தன்னைத் தின்றுவிடாதிருக்கச் செடி தனக்காகச் செய்துகொள்ளும் தற்காப்பு அது. ஆட்டை விலக்கி நிறுத்துவதில் பங்குள்ள அந்த வேதியியலே மனிதனின் சளியையும் இளக்குகிறது.

வாசிசினின் மூலக்கூறு அமைப்பை முன்மாதிரியாக வைத்துக்கொண்டு, அதில் சில மாற்றங்களைச் செய்து, ஜெர்மானிய நிறுவனம் ஒன்று உருவாக்கிய புரோம்ஹெக்சின் என்ற மருந்து 1963-இல் விற்பனைக்கு வந்தது; அது உடலுக்குள் சென்று மாற்றமடையும்போது உண்டாகும் அம்புராக்சால் பின்னர் தனி மருந்தாகவும் வந்தது. இன்று பாலக்காட்டிலோ கோயம்புத்தூரிலோ எந்த மருந்துக் கடையில் சளிக்கு மருந்து கேட்டாலும், கடைக்காரர் எடுத்துத் தரும் புட்டிகளில் பலவற்றின் மேலட்டையில் இந்த இரண்டு பெயர்களில் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். இதில் களவு எதுவும் நடக்கவில்லை என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஹூப்பர் தம் கண்டுபிடிப்பை வெளிப்படையாக எழுதினார்; ஜெர்மானியர் தாங்கள் செய்ய வேண்டிய வேலையைச் செய்தனர். ஆனால் உதகமண்டலத்தில் தொடங்கிய வேலை ஜெர்மனியில் முடிவதற்கு இடைப்பட்ட 75 ஆண்டுகளில், செடியை வேலியில் வைத்திருந்த நாடு அந்த மூலக்கூறை வைத்து ஒரு மருந்தை உருவாக்கவில்லை என்பதுதான் வருத்தத்துக்குரியது.

செடிக்கும் மருந்துக்கும் இடையிலுள்ள தூரம் பொதுவாக எண்ணப்படுவதைவிட மிக நீண்டது. ஒரே இலையில் நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்கள் கலந்திருக்கின்றன. ஆய்வாளர் இலையை உலர்த்திப் பொடித்து, நீர், சாராயம், ஈதர் போன்ற கரைப்பான்களில் ஊறவைத்து, எந்தக் கரைசலில் நோயைத் தாக்கும் ஆற்றல் இறங்கியிருக்கிறது என்று சோதிக்கிறார். ஆற்றலுள்ள கரைசலை மேலும் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மறுபடி சோதித்து, கடைசியில் ஒரே பொருள் மட்டும் எஞ்சும்வரை இந்தச் சலிப்பைத் தொடர்கிறார். பிறகு அதன் அமைப்பை அறிய வேண்டும், நஞ்சா என்று விலங்குகளில் பார்க்க வேண்டும், உடல் எவ்வளவு நேரத்தில் அதை வெளியேற்றுகிறது என்று அளக்க வேண்டும், அதன்பின்னரே மனிதரிடம் வர முடியும். பொருள் கிடைக்கும் அளவோ மனம் சோரச் செய்வது. இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாகும் வின்கிரிஸ்டின் நம் வீட்டு முற்றங்களில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வருகிறது. அதில் ஒரு கிராம் பெறுவதற்குப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும்.

இந்த நெடிய பாதையில் பழைய ஏடு எந்த அளவுக்கு உதவும் என்பதற்குச் சீனம் ஒரு சான்று தந்திருக்கிறது. 1967-இல் தொடங்கிய மலேரியா மருந்துத் தேடலில் தூ யூயூ என்ற பெண் ஆய்வாளரின் குழு, மாசிப்பச்சை இனத்தைச் சேர்ந்த ஒரு செடியைக் கொதிக்கவைத்து வடித்த சாற்றில் நிலையான பலன் காணாமல் திகைத்து நின்றது. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கோ ஹோங் என்பவரின் மருத்துவக் கையேட்டை அவர் மறுபடி படித்தபோது, அதே செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கும்படி அதில் எழுதியிருந்ததையும், காய்ச்சும்படி எங்கும் சொல்லப்படாததையும் கவனித்தார். சூடு மருந்தைச் சிதைக்கிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஆவியாகும் ஈதரைக் கொண்டு பிரித்தெடுத்தபோது, 1971 அக்டோபரில் 191-ஆம் எண்ணிட்ட மாதிரி எலிகளின் மலேரியாக் கிருமியை முழுமையாக ஒழித்தது. ஆர்ட்டிமிசினின் பிறந்தது, 2015-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. ஏட்டைப் பூசை அறையில் வைக்காமல் ஆய்வு மேசையில் வைத்துப் படித்ததும், அதன் ஒரு வரியைச் சோதனைக்கு உட்படுத்தியதுமே அங்கே நடந்தது.

தமிழகத்தில் இதற்கு நிகரான ஒரு தொடக்கம் அமைந்தது, அது வரப்போரக் கீழாநெல்லியைப் பற்றியது. சாண் உயரமே வளரும் இந்தச் செடியின் மெல்லிய கிளைகளில் சிற்றிலைகள் இரு வரிசையாக அடுக்கி நிற்கும்; இலைகளுக்குக் கீழே கடுகளவுப் பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்குவதால்தான் கீழ்க்காய் நெல்லி என்றும் அதற்குப் பெயர். மஞ்சள் காமாலை கண்டவருக்குச் செடியை வேரோடு பறித்து, கழுவி, அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, மோரில் கலக்கி வெறும் வயிற்றில் கொடுப்பது இரு மாநிலத்து நாட்டுப்புறங்களிலும் உள்ள வழக்கம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் நுண்ணுயிரியல் பேராசிரியர் எஸ்.பி. தியாகராஜனின் குழு, ஹெப்படைட்டிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கரான பரூச் புளூம்பெர்க்குடன் சேர்ந்து, இந்தச் செடியின் உலர்ந்த பொடியை அந்த வைரஸை உடலில் தாங்கியிருந்தவர்களுக்கு 30 நாட்கள் கொடுத்துப் பார்த்தது. 1988-இல் லான்செட் இதழில் வெளியான முடிவுகளின்படி, கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்திருந்தது. மருந்தற்ற போலி மாத்திரை பெற்ற 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அவ்வாறு மறைந்தது.

உலகமே திரும்பிப் பார்த்த முடிவு அது. ஆனால் 1990-இல் தாய்லாந்திலும், சில ஆண்டுகளுக்குப் பின் நியூசிலாந்திலும் செய்யப்பட்ட சோதனைகளில் அந்தப் பலன் தென்படவில்லை. பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி எடைபோட்ட காக்ரேன் தொகுப்பாய்வு, நாட்பட்ட ஹெப்படைட்டிஸ் பி நோய்க்குக் கீழாநெல்லி இனச் செடிகள் உதவுகின்றன என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2011-இல் கூறியது. அதன்பின் இந்தப் பொருள் இரண்டு முகாம்களாகப் பிரிந்துபோனது. ஒரு சாரார் 1988-ஐ மட்டும் மேற்கோள் காட்டி, கீழாநெல்லி நிறுவப்பட்ட மருந்து என்று மேடையில் முழங்குகின்றனர்; மறு சாரார் பின்வந்த சோதனைகளை மட்டும் காட்டி, நாட்டு வைத்தியம் அனைத்தும் மூடநம்பிக்கை என்று ஒதுக்குகின்றனர். முடிவுகள் ஏன் மாறின என்று கேட்டு அந்தக் கேள்வியைக் கடைசிவரை துரத்திச் செல்வதே அறிவியலின் வேலை, அதைத்தான் இரு சாராரும் செய்யவில்லை.

கேட்க வேண்டியவை எவ்வளவோ இருந்தன. கீழாநெல்லி என்று பறிக்கப்படுவது எப்போதும் கீழாநெல்லிதானா என்பது முதல் கேள்வி. தண்டில் செம்மை ஓடி, காயின் மேல் சொரசொரப்புடன் நிற்கும் சிவப்புக் கீழாநெல்லியும், இன்னும் சில உறவுச் செடிகளும், அவசரக் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். தென்னிந்திய மூலிகைக் கடைகளில் வாங்கிய மாதிரிகளை மரபணு முறையில் சோதித்து 2010-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு மாதிரிகள் வேறு ஐந்து இனங்களைச் சேர்ந்தவையாக இருந்தன; அவற்றில் ஒன்று கோழிக்கோட்டின் பெயரைத் தாங்கிய இனம். செடி எந்த மண்ணில் வளர்ந்தது, எந்தப் பருவத்தில் பறிக்கப்பட்டது, நிழலில் உலர்ந்ததா வெயிலில் உலர்ந்ததா என்பவையும் அதன் வேதிச் சேர்மானத்தை மாற்றும். வைரஸின் மரபுவகை நாட்டுக்கு நாடு வேறுபடும். நாட்டு வழக்கம் பச்சைச் செடியை அரைத்துக் கொடுக்கிறது. ஆய்வுக்கூடமோ உலர்ந்த பொடியை உறையில் அடைத்துக் கொடுத்தது. சீனத்தில் சூட்டுக்கும் குளிருக்கும் இடையிலிருந்த ஒரே வேறுபாடு ஒரு மருந்தையே வெளிக்கொண்டுவந்தது என்றால், பச்சைக்கும் உலர்ந்ததற்கும் இடையிலுள்ள வேறுபாடு சோதித்துப் பார்க்கத் தகுதியற்றதா?

இந்த அலட்சியத்தின் விலையை நோயாளிகள்தான் தருகிறார்கள். மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயின் பெயர் அன்று, பல நோய்களின் அறிகுறி. அசுத்த நீரால் பரவும் ஹெப்படைட்டிஸ் ஏ பெரும்பாலோரிடம் தானாகவே சில வாரங்களில் தணிந்துவிடும். அந்த வாரங்களில் எதைக் குடித்தாலும் அதுவே குணப்படுத்தியதாகத் தோன்றும். கேரளத்தில் மழைக்காலந்தோறும் உயிர்களைப் பறிக்கும் எலிக்காய்ச்சலிலும் கண் மஞ்சளாகும். அதற்கு உரிய காலத்தில் கொடுக்கப்படும் பென்சிலினும் டாக்சிசைக்ளினும் உயிர் காக்கும், தவறவிட்ட நான்கைந்து நாட்கள் சிறுநீரகத்தையே முடக்கிவிடும். வயலில் வெறுங்காலுடன் சேற்றில் நிற்கும் எல்லைப்புற உழவர் ஒருவர், காமாலைதானே என்று ஒரு வாரம் பச்சிலையை மட்டும் நம்பியிருந்தால் நேரக்கூடிய இழப்பை, மூலிகையின் பெருமையைப் பேசும் எவரும் தம் பொறுப்பாகக் கருத வேண்டும். எந்த நோய்க்கு, எந்த அளவில், எத்தனை நாள் என்ற வரம்பைச் சொல்லத் தெரியாத மருத்துவப் பெருமிதம் ஆபத்தானது.

மலையின் பக்கம் திரும்பினால் வேறொரு கதை. பாலக்காட்டுச் சமையலறையில் மார்கழி மாதம் கூர்க்கங்கிழங்கு மெழுக்குபுரட்டியாகும். அதன் உறவுச் செடியான மருந்துக்கூர்க்கனின் வேரிலிருந்து ஃபோர்ஸ்கோலின் என்ற பொருளை ஹோக்ஸ்ட் நிறுவனத்தின் மும்பை ஆய்வகம் 1970-களில் பிரித்தெடுத்தது. இன்று உயிரணுக்களுக்குள் செய்தி கடத்தப்படும் முறையை ஆராயும் ஆய்வுக்கூடங்கள் உலகெங்கும் அதைப் பயன்படுத்துகின்றன. அதிலிருந்து உருவான மருந்து ஒன்று ஜப்பானில் இதயச் செயலிழப்புக்குக் கொடுக்கப்படுகிறது. இது பயிராக்கக்கூடிய செடி என்பதால் சேலம் மாவட்ட உழவர்களுக்கு வருவாயாகவும் ஆனது.

அந்த நற்பேறு எல்லாச் செடிகளுக்கும் வாய்க்கவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில், நசுக்கினால் துர்நாற்றம் வீசும் நோத்தாப்போடைட்டிஸ் என்ற சிறு மரம் வளர்கிறது. அமெரிக்கர்களான வால், வானி இருவரும் 1966-இல் சீன மரம் ஒன்றில் கண்டறிந்த கேம்ப்டோதெசின் என்ற புற்றுநோய் எதிர்ப்பொருள் இந்த மரத்திலும் இருப்பதை, சென்னை மாநிலக் கல்லூரியில் முன்பு பணியாற்றிய டி.ஆர். கோவிந்தாச்சாரி, விசுவநாதனுடன் சேர்ந்து 1972-இல் கண்டுபிடித்தார். செல் பிரியும்போது மரபணு இழையின் முறுக்கை அவிழ்த்துத் தரும் நொதியொன்றை இந்தப் பொருள் பிடித்து நிறுத்திவிடுவதால், வேகமாகப் பெருகும் புற்றுச் செல்கள் மடிகின்றன. இதிலிருந்து உருவான டோப்போடெக்கான், இரினோடெக்கான் ஆகிய இரண்டும் 1996-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, சூலகம், நுரையீரல், பெருங்குடல் புற்றுநோயாளிகளின் ஆயுளை நீட்டித்துவருகின்றன. ஆனால் பொருள் கட்டையிலும் வேரிலும் இருப்பதால், இலை பறிப்பதைப் போல அல்லாமல் மரத்தையே வெட்ட வேண்டியிருந்தது. மலைச்சரிவுகளில் மரம் மரமாகச் சாய்ந்து, இன்று அது அழியும் அச்சத்திலுள்ள இனங்களில் ஒன்றாகிவிட்டது. ஓரிடத்தில் ஒருவரின் உயிரைக் காக்கும் பொருள் இன்னோரிடத்தில் ஓர் இனத்தையே முடித்துவிடாதபடி, நாற்றங்காலிலும் திசு வளர்ப்பிலும் முன்கூட்டியே முதலீடு செய்வது ஆய்வின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

செடியின் பயனை முதலில் அறிந்து சொன்னவர்க்கு என்ன கிடைத்தது என்ற கேள்விக்கு இந்தியாவில் முதலில் விடை தேடப்பட்டது அகத்தியர் மலையில். 1987 டிசம்பரில் தாவரவியலாளர் பி. புஷ்பாங்கதனின் குழு அந்த மலையில் ஏறியபோது, வழிகாட்டியாக வந்த காணி இன இளைஞர்கள் ஏதோ ஒரு காயைத் தின்றுகொண்டே களைப்பின்றி நடந்ததைக் கவனித்துக் கேட்டறிந்ததுதான் ஆரோக்கியப்பச்சை. வள்ளிக்கிழங்குக் குடும்பத்தைச் சேர்ந்த அந்தச் சிறுசெடியின் இலையுடன் அமுக்கரா, திப்பிலி, விஷ்ணுகிராந்தி ஆகியவற்றைச் சேர்த்து, திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆய்வு நிறுவனம் ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மஸிக்கு 10 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணத்துக்கும் விற்பனையில் 2 சதவிகிதப் பங்குக்கும் அதைத் தயாரிக்கும் உரிமையை அளித்து, கிடைப்பதில் பாதியைக் காணி மக்களுக்குத் தருவதாக நிறுவனம் தானாகவே முடிவுசெய்தது. அப்படிச் செய்யும்படி கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் நாட்டில் அன்று இல்லை. 1997-இல் காணி மக்களின் அறக்கட்டளை பதிவாகி, 1999-இல் ஏறத்தாழ 5 லட்சம் ரூபாய் அதனிடம் ஒப்படைக்கப்பட்டது.

உலக மன்றங்களில் இன்றுவரை எடுத்துக்காட்டப்படும் இந்த ஏற்பாட்டின் குறைகளும் மறைக்கப்படக் கூடாதவை. பிலாத்திகள் எனப்படும் காணி மரபு வைத்தியர்கள் சிலர் தங்கள் அறிவு விற்கப்படுவதை எதிர்த்தனர். எல்லாக் குடியிருப்புகளையும் கேட்டு ஒப்புதல் பெறப்படவில்லை. காட்டில் விளையும் செடியைக் காணி மக்கள் பறித்து விற்பதற்கு வனத்துறையின் தடை குறுக்கே நின்றதால், இலை வழங்கி நிலையான வருவாய் பெறும் வழி அடைபட்டது. பங்குத்தொகையைவிட அந்த வருவாயே அவர்களுக்குப் பெரிதாக இருந்திருக்கும். ஆயினும் அறிவுக்கு உரியவர் யார் என்று ஓர் ஆய்வு நிறுவனம் தன்னையே கேட்டுக்கொண்ட நேர்மை மதிக்கத்தக்கது.

2002-இல் வந்த பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் அந்த நேர்மையைக் கடமையாக்கியது. இந்திய நிறுவனங்களும் பயன்பகிர்வுக்குக் கட்டுப்பட்டவையே என்று உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் 2018 டிசம்பரில் தீர்ப்பளித்தது. ஆனால் 2023-ஆம் ஆண்டுத் திருத்தம், நூல்களில் எழுதிவைக்கப்பட்ட மரபறிவைப் பயன்படுத்துவோருக்கும் பதிவுபெற்ற ஆயுஷ் மருத்துவர்களுக்கும் விலக்கு அளித்துவிட்டது. எழுதப்பட்ட அறிவு எல்லோர்க்கும் பொது, எழுதப்படாத அறிவு சமூகத்தின் சொத்து என்பது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். மலையில் அந்தக் கோடு எங்கே விழும் என்பதுதான் சிக்கல். இடுக்கி மலைகளின் பழங்குடியினரான முதுவரும் மன்னாரும் தமிழை ஒட்டிய மொழியில், வாய்வழியாகவே தம் மருந்தறிவைக் கடத்திவருகிறார்கள். ஆரோக்கியப்பச்சையைப் போல நூல்களில் இடம்பெறாத செடி என்றால் அவர்களுக்குப் பங்குண்டு. அதே செடியின் பெயர் ஏதோ ஒரு நிகண்டில் அகப்பட்டுவிட்டால், அவர்கள் மட்டுமே அறிந்த பயன்பாடாக இருந்தாலும், பங்கை மறுப்பதற்கு ஒரு வழி கிடைத்துவிடுகிறது. நூலைத் தேடிப்பிடிப்பதில் நிறுவனங்கள் காட்டப்போகும் முனைப்பை எளிதில் ஊகிக்கலாம்.

அதனாலேயே, ஊராட்சிதோறும் அமைந்த பல்லுயிர் மேலாண்மைக் குழுக்கள் தயாரிக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இந்த எல்லைப் பகுதிகளில் கூடுதல் கவனத்தோடு எழுதப்பட வேண்டும். செடியின் பெயர் மட்டும் போதாது. யார், எந்த நோய்க்கு, எந்தப் பருவத்தில் பறித்து, பச்சையாகவா காய்ச்சியா கொடுக்கிறார்கள் என்பது அவர்களுடைய சொல்லிலேயே, தமிழ் பேசுவோர் சொன்னது தமிழிலேயே பதிவாக வேண்டும். மொழிபெயர்க்கும்போது முதலில் உதிர்வது இத்தகைய நுணுக்கம்தான், கோ ஹோங்கின் ஏட்டில் மருந்தாக விளைந்ததும் அத்தகைய நுணுக்கமே.

பாதியில் நின்ற கீழாநெல்லி ஆய்வை மறுபடி தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் அரிது. எலப்புள்ளியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள கஞ்சிக்கோட்டில் ஜீவனியைத் தயாரித்த அதே பார்மஸியின் தொழிற்சாலை இருக்கிறது. 2015-இல் தொடங்கிய பாலக்காடு ஐஐடியும் அதே வட்டாரத்தில் இருக்கிறது. 2014-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி பாலக்காட்டு நகரில் இருக்கிறது. காமாலையுடன் வருபவரின் இரத்தத்தைச் சோதித்து, எலிக்காய்ச்சல் உள்ளவரை உடனே பிரித்து உரிய மருந்தைக் கொடுத்துவிட்டு, எஞ்சியவர்களில் ஒப்புதல் தருவோரை மூன்று குழுக்களாக்கி, மரபணுவால் அடையாளம் உறுதிசெய்யப்பட்ட செடியை ஒரு குழுவுக்குப் பச்சையாகவும் இன்னொன்றுக்கு உலர்த்தியும், மூன்றாவதற்கு மருந்தற்ற போலியையும் கொடுத்து, கல்லீரல் நொதிகளை வாரந்தோறும் அளக்கும் ஆய்வுக்கு வேண்டிய ஆட்களும் கருவிகளும் இந்த அரைமணிப் பயண வட்டத்துக்குள்ளேயே உண்டு. பலன் உண்டென்று வந்தால் அளவு தெரியும்; இல்லையென்று வந்தால் அம்மியில் அரைபடும் நேரம் மிஞ்சும், நோயாளி மருத்துவமனைக்கு ஒரு வாரம் முன்னதாகவே வந்துசேர்வார். அதற்கு வேண்டிய செடி, முதல் பயிர் அறுவடை முடிந்து இரண்டாம் பயிருக்கு வயல் உழும் நாட்களில், வரப்பெங்கும் காய் கட்டி நிற்கும்.